பதினான்கு பவர் டில்லரும் ஒரு போல்ட்டும்

நான் முப்பத்தொரு வயதில் பணி ஓய்வு பெற்றவன். சிரிக்காதீர்கள். வட்டார வேளாண்மை அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தக் களப்பணியாளனாக ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தேன். ஒரு மார்ச் மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கூட இருந்தவர்கள் சால்வை போர்த்தினார்கள், ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள், ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள், நானும் ஏற்புரை சொன்னேன். இதற்குப் பெயர் ஓய்வு இல்லையென்றால் வேறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள்தான் இதை எழுதச் சொன்னார்கள். இனிமேல் மானிய இயந்திரத்தின் எண்ணைச் செயலியே படித்துக்கொள்ளுமாம். ஆள் குனிந்து பார்க்க வேண்டியதில்லையாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குனிந்து பார்த்ததால் வந்த கூத்துதானே இந்தக் கதையே. சொல்லிச் சொல்லி அது ஆளுக்கொரு மாதிரி ஆகிவிட்டது என்றும், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் அண்ணே என்றும் கேட்டார்கள். எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மாவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. வேளாண்மைப் பட்டயம் முடித்து, வேலை கிடைக்காமல், ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு மாதம் அப்ரண்டிஸாக நின்றேன். அப்புறம் இந்த ஒப்பந்த வேலை. முதல் நாள் நான் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அம்மா அதைக் கேன்டீன் முழுக்கக் காட்டினார். கையெழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவனாக ஆனதற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம். படிவம் எது வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். அலுவலகத்தில் என்னை "அடிக்குறிப்பு" என்று கூப்பிட்டார்கள்.

என் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பவர் டில்லர் என்பது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து உழும் சின்ன டீசல் இயந்திரம். டிராக்டர் இறங்க முடியாத துண்டு வயல்களுக்கு அதுதான் கதி. அரசு மானியத்தில் அதை ஒரு சிறு விவசாயிக்குக் கொடுத்தால், உண்மையிலேயே அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஒருவன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒருவன் நான். முதலில் ஆதார் அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அடுத்து சிட்டா. அடுத்து, இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணை பில்லில் உள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படித்து ஒத்துப் பார்க்க வேண்டும். சத்தமாக என்று விதியில் இல்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது. பிறகு விவசாயி கைப்பிடியைப் பிடித்து நிற்க, முகமும் தகடும் வயலும் ஒன்றாகத் தெரியும்படி செயலியில் ஒரு படம். தகட்டைக் கிட்டத்தில் தனியாக இன்னொரு படம். கடைசியில் என் கையெழுத்து. அதன் மேல் எங்கள் உதவி இயக்குநரின் பச்சை மை விழுந்துவிட்டால், மானியம் நேராக விற்பனையாளருக்குப் போய்விடும்.

உதவி இயக்குநர் பெயர் தணிகாசலம். இந்தக் கூத்து நடந்தபோது ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது அவருக்கு. ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சிக்கலான கோப்பு போனால் ஓரத்தில் பென்சிலால் "பேசவும்" என்று எழுதி அனுப்புவார். போய் எதிரே நின்றால் வெயில், பேருந்து நெரிசல், தன் மூட்டுவலி என்று எல்லாவற்றையும் பேசுவார், கோப்பைத் தவிர. நாம் கிளம்பும் நேரத்தில் மேஜை டிராயரிலிருந்து ஒரு ரப்பரை எடுத்து அந்தப் "பேசவும்"-ஐ அழிப்பார். துகளை உதட்டைக் குவித்து மெல்ல ஊதுவார். பேசினதற்கும் தடயம் இல்லை, பேசாததற்கும் இல்லை. முப்பத்து மூன்று வருட சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர் என்றால் சும்மாவா.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு நாள் ஆரோக்கியமேரி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தார். ஒரு பக்கம் கம்பெனி மதில், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி நிறுத்தும் இடம். லாரி நிறுத்துகிறவர் இவர் நிலத்தையும் வாடகைக்குக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார். சம்பா நாற்று விட்டுப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. ஊரில் இருந்த இரண்டு டிராக்டரும் கம்பெனி இடத்தில் மண் அடிக்கப் போய்விட்டன. பவர் டில்லரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை விற்றுவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய்விட்டார். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் உழுது நடாவிட்டால் நாற்று முற்றிவிடும், அப்புறம் லாரிக்காரருக்குச் சரி என்று சொல்வதைத் தவிர வழியில்லை. மானியத்துக்கு விண்ணப்பித்தால் கணினி நிராகரிக்கிறது, ஏன் என்று பார்த்துச் சொல் என்றார்.

பார்த்தேன். ஏற்கெனவே பயன்பெற்றவர் என்று வந்தது. அதுமட்டுமில்லை, மறுநாள் தொடங்கி நான் ஆய்வு செய்ய வேண்டிய பதினான்கு பேர் பட்டியலில் அவர் பதினோராம் எண். எனக்கோ நல்ல சேதி சொல்கிற சந்தோஷம். அக்கா, உங்களுக்கு வண்டி வந்தே விட்டது என்றேன்.

அவர் குனிந்து கணினித் திரையை எட்டிப் பார்த்தார்.

"வந்துடுச்சா? எங்க கீது தம்பி? நான் வூட்ல மாடு கட்ற எடம் வரிக்கும் பாத்துட்டேன். கோழிக் கூண்டுல பாக்கல."

பயிர்ச் சேத நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஊராட்சித் தலைவரின் கணவர் போன வருடம் இவருடைய சிட்டா, ஆதார் நகல் எல்லாம் வாங்கிப் போனாராம். அந்த ஊராட்சியில் தலைவர் பதவி பெண்ணுக்கு. பதவியை அனுபவிப்பது அவர் கணவர். ஊரே அவரைத் "தலைவர் வீட்டுக்காரர்" என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன். இனிமேல் பத்து வருடத்துக்கு அக்காவுக்கு இன்னொரு வண்டி கிடையாது என்பது விதி. அதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. எம்பேர்ல எது வந்துதோ அது எங்கிட்ட வந்தாவணும், அவ்ளோதான் என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போனார்.

மறுநாள் ஆய்வுக்குப் போனேன். அப்போதும் எனக்கு விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை. ஒரு பெயரில்தான் ஏதோ குளறுபடி என்று நினைத்தேன். தலைவர் வீட்டுக்காரரைப் போல் உபசரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. முதல் வயலுக்குப் போகும்முன் டீ. அது முடிந்து அடுத்த வயல் என்றால் நடுவில் இளநீர். அதற்கடுத்து மோர். "இன்னா அவசரம் சார், வெயில்ல வந்துக்கினு கீறீங்க, ஒக்காந்து குட்சிட்டுப் போலாம்" என்று தோளைத் தொட்டு உட்கார வைப்பார். நானும் மரியாதைக்கு உட்காருவேன். ஒவ்வொரு வயலிலும் ஒரு பயனாளி, ஒரு புத்தம் புது பவர் டில்லர். எல்லாம் ஒரே சிவப்பு. எண் சரி, முகம் சரி, சிட்டா சரி. எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படித்தேன். மூன்று வயலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

நான்காவது வயலில் தகட்டுக்குக் குனிந்தபோதுதான் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வரும் தகடு ரிவெட் அடித்து வரும். இது சின்ன போல்ட்டால் மாட்டியிருந்தது. போல்ட் தலையிலிருந்து தகடு வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி லைனில் நிற்கிறவன் ஒரு போல்ட்டை உரிய அளவுக்கு முறுக்கி முடித்ததும், பெயின்ட் பேனாவால் அதன் மேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். முறுக்கியாயிற்று, இனி இது அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு அடையாளம். ஒரு ஷிப்டில் ஆயிரம் தடவை இழுப்போம். வீட்டில் அம்மா குக்கர் மூடியை முறுக்கினால்கூட என் கை பேனாவைத் தேடிய காலம் உண்டு.

இந்த போல்ட் தலையில் ஒரு கோடு இல்லை. நான்கு. ஒன்று தகட்டில் உள்ள கோட்டோடு நேராக இருந்தது. மற்ற மூன்றும் மூன்று திசையில் விலகி நின்றன. ஒருத்தன் கழற்றி, வேறு தகடு வைத்து, மறுபடி முறுக்கி, கடமை தவறாமல் மறுபடி கோடு இழுத்திருக்கிறான். கைப்பேசியில் முந்தைய தகட்டுப் படங்களைப் பெரிதாக்கினேன். முதல் வயல்: ஒரு கோடு. இரண்டாவது: இரண்டு. மூன்றாவது: மூன்று. அடப் பயலே, வயலுக்கு வயல் போல்ட் தலையில் மஞ்சள் பூ விரிந்துகொண்டே வந்திருக்கிறது. நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரே வண்டி குட்டியானை லோடு வேனில் ஏறி எனக்கு முன்னால் ஓடிப் போய், தகடு மாற்றிக்கொண்டு, அடுத்த பயனாளி பக்கத்தில் நின்றிருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன், தொடவில்லை, தொட்டிருந்தால் சிரித்திருப்பேன். கைப்பேசியில் சார்ஜ் இல்லை, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தலைவர் வீட்டுக்காரர் போண்டா சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். நல்ல போண்டா.

வண்டியில் திரும்பும்போது சிரிப்பு அடங்கி பயம் பிடித்துக்கொண்டது. மூன்று பொய்க்கு என் கையெழுத்து இருந்தது. அன்று மாலையே எழுதினேன்: முதல் மூன்று ஆய்வுகளும் என் கவனக்குறைவால் தவறாகச் சான்றளிக்கப்பட்டவை, ரத்து செய்யக் கோருகிறேன். காரணமாக நான்கு படங்களையும் ஒட்டி, மஞ்சள் கோடுகளுக்கு எண் போட்டேன். மறுநாள் காலை கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில், "பேசவும்."

போய் நின்றேன். வெயில் முடிந்தது. மூட்டுவலி முடிந்தது. அப்புறம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"இந்த மஞ்சள் கோட்டுக்கு ஏதாவது அரசாணை இருக்கா தம்பி?"

இல்லை சார் என்றேன்.

"கோப்புல இத ஆதாரமா வெக்க முடியாதே." ரப்பரை எடுத்துவிட்டார். என் மனசு உட்கார்ந்துவிட்டது. அவர் அழித்தார், ஊதினார். துகள் போன பிறகும் கோப்பை மூடவில்லை. "ஆமா, இந்த வருஷம் நம்ம வட்டாரத்துல இயந்திரப் பராமரிப்பு முகாம் நடத்தினோமா?"

நடத்தவில்லை.

"நடத்தணும்ல. விவசாயிங்க புது வண்டிய வாங்கிட்டு ஆயில் மாத்தத் தெரியாம கஷ்டப்படுவாங்க." என்று சொல்லிக்கொண்டே பச்சைப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அடுத்த வியாழன் காலை பத்து மணி. ஊராட்சி மைதானம். பதினான்கு பயனாளிகளும் தத்தம் இயந்திரங்களோடு தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். மாண்புமிகு ஊராட்சித் தலைவர் தலைமை ஏற்பார். முறைகேடு, சந்தேகம், விசாரணை என்று ஒரு சொல் கிடையாது அதில். நான் அதைப் படித்துவிட்டு வெளியே வந்து, தண்ணீர் கேனுக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிடம் சிரித்தேன்.

பேனரில் தன் மனைவி படத்துக்குப் பக்கத்தில் தன் படத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் தலைவர் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாராம். பிறகுதான் அழைப்பை முழுதாகப் படித்திருக்கிறார். அந்த ஒரு வாரம் அவர் பட்ட பாடு எனக்குப் பிறகு துண்டு துண்டாகத் தெரிந்தது. வாலாஜாபாத் பக்கம் ஒரு மச்சானிடம் இரண்டு வண்டி. உத்திரமேரூர் பக்கம் வாடகைக்கு நான்கு. விற்பனையாளரின் ஷோரூமிலிருந்து பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் ஆறு. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்று, அதற்கு எஞ்சினே இல்லை.

வியாழக்கிழமை காலை மைதானத்தில் பதினான்கு பவர் டில்லர்கள் வரிசையாக நின்றன. சிவப்பு, நீலம், பச்சை. ஒன்றின் மேல் வேறு மாவட்டத்துத் திட்டத்தின் பெயர் பெயின்டில் எழுதி, அதன் மேல் அவசரமாகச் சந்தனம் பூசியிருந்தது. இன்னொன்றின் பல்லில் யாரோ ஒருவருடைய வயல் சேறு காய்ந்திருந்தது. எல்லாவற்றிலும் பயனாளி பெயர் ஸ்டிக்கர். எல்லாவற்றிலும் தகடு. எல்லாத் தகட்டிலும் போல்ட்; எல்லா போல்ட்டிலும் அளந்து வைத்தாற்போல் ஒரு மஞ்சள் கோடு. பயனாளிகளில் பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக யூனிபார்மில் இறங்கியிருந்தார்கள். கிளட்ச் எது, கியர் எது என்று பக்கத்தில் நிற்பவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் சார் வரிசை ஓரமாக நடந்து, ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

தலைவர் அம்மா மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். அவருக்கு இதெல்லாம் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்துப் பெயர் ஆயிற்று. பதினோராவதாக ஆரோக்கியமேரி என்றதும் அக்கா எழுந்தார். வரிசைக்குப் போனார். தன் பெயர் ஒட்டிய வண்டியைக் கண்டுபிடித்தார். டீசல் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு நேராக மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தலைவரே, நல்லா பாத்து சொல்லு. அங்க எம்பேரு ஒட்டி நிக்கிது பாரு, அது என்னுதா?"

தலைவர் வீட்டுக்காரர் மேடைக்குக் கீழிருந்து கையால் என்னென்னவோ ஜாடை காட்டினார். தலைவர் அம்மா அவரைப் பார்த்தார். கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். எங்கள் சாரைப் பார்த்தார். சார் பேனரை ரசித்துக்கொண்டிருந்தார்.

"உம்பேரு தானே எழுதிக்கீது," என்றார் மைக்கிலேயே. "அப்புறம் இன்னா கேள்வி. எட்த்துக்கினு போ."

அக்கா கைப்பிடியைப் பிடித்தார். வாடகை வண்டி ஓட்டுகிறவன் வராத நாளெல்லாம் அவரே ஓட்டிப் பழகியவர். ஹேண்டிலைப் போட்டு இரண்டே சுற்றில் கிளப்பி, மைதானத்து வாசல் வழியாக வெளியே ஓட்டிக்கொண்டு போயே விட்டார். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ ஒருவர் கைதட்ட, யூனிபார்ம்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். தலைவர் வீட்டுக்காரர் வாசல் வரை பின்னால் ஓடி, அங்கேயே நின்றுவிட்டார். அது அக்காவுடையது இல்லை என்று சொன்னால், யாருடையது என்று சொல்ல வேண்டும்.

நான் கவலையோடு சாரிடம் போனேன். அக்கா ஓட்டிப் போனது உத்திரமேரூர்க்காரன் வண்டியாக இருந்தால் என்ன செய்வது? அப்போது பின்னாலிருந்து ஒருவன் என் சட்டையைத் தொட்டான். கையில் ஸ்பானர். மேல் பையில் பெயின்ட் பேனா. ஆளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பெயர் இசக்கிமுத்து, சங்கரன்கோவில் பக்கம், ஒரகடத்தில் செகண்ட் ஷிப்ட். தலைவர் வீட்டுக்காரரின் வாடகை அறையில் ஆறு பேரோடு இருப்பவன். வீட்டுக்காரர் சொன்ன வேலை, தட்ட முடியவில்லை.

"பயப்படாதிய சார். அந்த அக்காவுக்கு மாட்டுனதுதான் நெசமான மானிய வண்டி. அதோட சொந்த தகட்டு நம்பர்லதான் அந்தக்கா பேருல பில்லு இருக்கு. நான் பாத்துதான் மாட்டுனேன்."

ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"எங்க ரூம்ல தண்ணி வராத நாளெல்லாம் அந்தக்கா மோட்டார்லதான் குளிப்போம். சோப்பு நொரை பயிர்ல போகுதுன்னு ஏசும். ஆனா மோட்டார நிப்பாட்டாது."

மஞ்சள் கோடு ஏன் போட்டாய் என்றும் கேட்டேன். அவன் போல்ட்டைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான், அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. "போல்ட்ட முறுக்கிட்டு மார்க் போடாம கை எடுக்க வரமாட்டேங்கு சார்," என்றான். நான் அவனிடம் அப்ரண்டிஸ் கதையைச் சொல்ல, இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் ஸ்பானரே கீழே விழுந்தது.

மீதி விவரம் சுருக்கமாக. மற்ற பதின்மூன்று பேரின் மானியமும் நிறுத்தப்பட்டது. கோப்பில் சார் எழுதிய காரணம், "முகாமில் இயந்திரங்கள் ஒரே சீராக இல்லை". விற்பனையாளரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறதாம். தலைவர் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். வழியில் பார்த்தால் மோர் குடிக்கக் கூப்பிடுகிறார். அக்கா மானியம் போக விவசாயி கட்ட வேண்டிய தன் பங்குத் தொகையை மறுநாளே வங்கியில் கட்டி ரசீது கொண்டுவந்து தந்தார். என் ஒப்பந்தம் ஏன் புதுப்பிக்கப்படவில்லை என்று நான் கேட்கவில்லை. சார் இருந்திருந்தால் பென்சிலால் ஏதாவது எழுதியிருப்பார். அவர் அதற்கு முந்தைய வருடமே ஓய்வு பெற்றுவிட்டார், நிஜமான ஓய்வு.

ஆனால் அந்த வியாழக்கிழமை முகாமோடு முடியவில்லை. பதினோராம் எண்ணுக்கு ஆய்வுப் படம் வேண்டுமே. மதியம் சாரும் நானும் அக்காவின் வயலுக்குப் போனோம். அவர் அதற்குள் இரும்புச் சக்கரம் மாட்டி, ஏரித் தண்ணீர் கட்டிய வயலில் வண்டியை இறக்கிப் பாதி உழுதுவிட்டார். நாற்றங்கால் ஓரத்தில் பச்சையாகக் காத்துக்கொண்டிருந்தது. கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள் மதிலுக்கு மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். முகமும் தகடும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் நில்லுங்கள் அக்கா என்று வரப்பிலிருந்து கத்தினேன். வண்டிச் சத்தத்துக்கு மேல் அவர் கத்தினார்: நின்னா சக்கரம் பூந்துக்கும், வேணுன்னா நடந்துக்கினே எடு.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பின்னால் திரும்பினால், சாரும் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார், மூட்டுவலியோடு. இரண்டு பேரும் சேற்றில் வண்டிக்குப் பின்னால் ஓடினோம். எடுத்த ஏழு படத்திலும் அக்காவின் முதுகுதான் விழுந்தது. எட்டாவதில் தகடு தெரிந்தது, முகம் இல்லை. விதிப்படி அதைத் தள்ள வேண்டும். சார் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார், என்னைக் குனியச் சொன்னார், என் முதுகில் கோப்பை விரித்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா வயல் மூலையில் வண்டியைத் திருப்பி எங்கள் எதிரே வந்தார்.

"ரெண்டு பேரும் சொம்மாதானே நிக்கிறீங்க? அந்தாண்ட வரப்ப கொஞ்சம் வெட்டி வுடுங்க, தண்ணி ஏறிக்கினு கீது."

மம்பட்டி எங்க இருக்கும்மா என்று கேட்டது தணிகாசலம் சார்தான்.